பேசுவது ஓரிடம், கேட்பது வேறிடம்!



போன இதழில் ஹாம் ரேடியோ பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். பொழுதுபோக்காக, காசு பணம் வாங்காமல், மத்திய அரசின் தேர்வு எழுதி லைசென்ஸ் எடுத்து, வீட்டிலிருந்தே உலகம் பூராவும் பேசுகிறவர்கள்தான் ஹாம்கள். அதைப் படித்த பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, ரெண்டு பேர் பேசணும்னா ரெண்டு பேரும் ஒரே அலைவரிசையிலதானே இருக்கணும்? அதுல 'ஸ்பிளிட்'னு ஒண்ணு எழுதியிருந்தீங்களே, அது என்னது?" நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். அதனால் இந்தத் தடவை ரெண்டு தாள் ஒட்டியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நின்று நிதானமாகப் படியுங்கள்.

தம்பி சொன்னது சரிதான். நான் 14.200 மெகாஹெர்ட்ஸில் பேசினால் நீங்களும் 14.200-ல் கேட்க வேண்டும். நான் முடித்ததும் அதே இடத்தில் நீங்கள் பேசலாம். இதற்கு சிம்ப்ளெக்ஸ் என்று பெயர். ஸ்பிளிட் என்றால் பேச ஓர் அலைவரிசை, கேட்க வேறோர் அலைவரிசை. எதிரில் இருப்பவருக்கு இது அப்படியே தலைகீழ். அவர் பேசுகிற இடத்தில் நான் கேட்பேன், அவர் கேட்கிற இடத்தில் நான் பேசுவேன்.

எதற்கு இந்த வம்பு? குலசை தசராவை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர்களுக்காக மைக்கில் அறிவிப்பு சொல்வார்கள். அந்த மைக்கைச் சுற்றியே எல்லாரும் நின்று "எம் பிள்ளையக் காணோம்", "எம் பிள்ளை எங்க" என்று ஒரே நேரத்தில் கத்தினால் என்ன ஆகும்? மைக்கில் பேசுகிறவர் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. சொன்னாலும் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. கூட்டத்தை ஒரு பக்கமும் குழாய் ஒலிபெருக்கியை இன்னொரு பக்கமும் வைத்தால், கத்துகிறவர்கள் ஒரு பக்கம் கத்தலாம், பதில் மறுபக்கம் தெளிவாக வந்துகொண்டே இருக்கும். ரேடியோவில் செய்வதும் இதேதான்.

அந்தமானில் 2004

ரேடியோவில் அப்படி ஒரு தசராக் கூட்டம் நம் நாட்டிலேயே கூடியது. ஹாம்கள் உலகத்தை நாடு, தீவு என்று பல பகுதிகளாகப் பிரித்து, எத்தனை பகுதியோடு பேசினோம் என்று கணக்கு வைப்பார்கள். அதில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் தனிக் கணக்கு. ஆனால் 1987-க்குப் பிறகு அங்கிருந்து யாரும் ஹாம் ரேடியோவில் பேசவில்லை, அனுமதி கிடைப்பது அவ்வளவு கஷ்டம். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த திருமதி பாரதி பிரசாத் ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்குப் போய், வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியீட்டில் பேசத் தொடங்கினார். பதினேழு வருஷம் காத்திருந்த உலகம் சும்மா இருக்குமா? ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். இப்படிக் குவிகிற கூட்டத்துக்கு ஹாம்கள் வைத்த பெயர் 'பைல்-அப்'.

இந்த மாதிரிச் சமயத்தில் ஸ்பிளிட் இல்லாமல் ஒன்றும் நடக்காது. எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன். தீவில் இருப்பவர் 14.190-ல் பேசுவார். பேசி முடிக்கும்போது "அஞ்சிலிருந்து பத்து மேலே" என்பார். அதற்கு அர்த்தம், 'நான் 14.195 முதல் 14.200 வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன், அங்கே வந்து கூப்பிடுங்கள்' என்பது. ஒரு மனிதக் குரலுக்கு ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால்தான் குரலில் பேசும்போது ஐந்து, பத்து என்று தள்ளிப் போகிறார்கள். மோர்ஸ் கோடுக்கு அகலம் மிகக் குறைவு, ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளினாலே போதும்.

கூப்பிடுகிறவன் சாமர்த்தியம் இங்கேதான் தெரியும். நாசரேத்தில் இருக்கும் என் மாமா ஒரு ஹாம். அவர் பைல்-அப்பில் கூப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. தீவுக்காரர் இப்போது யாருக்குப் பதில் சொன்னார், அந்த ஆள் எந்த இடத்தில் பேசினார், அடுத்த ஆள் அதற்கு மேலேயா கீழேயா என்று டயலைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். தீவுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்து போவது தெரிந்தது. அவர் அடுத்து வந்து நிற்கப் போகிற இடத்தில் போய் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். கிடைத்துவிட்டது! "ஏ மருமவனே, கூப்பாடு போடுததுக்கு முன்னால காதைத் தீட்டணும்டே" என்றார்.

சிலர் இதைக் கவனிக்காமல் தீவுக்காரர் பேசுகிற இடத்திலேயே கத்துவார்கள். உடனே அவர்களைத் திருத்துகிறேன் என்று பத்துப் பேர் "ஸ்பிளிட்! ஸ்பிளிட்! மேலே போ!" என்று அதே இடத்தில் கத்துவார்கள். முதல் ஆள் போட்ட சத்தத்தைவிட இவர்கள் போடும் சத்தம் பெரிது. ஹாம்கள் இவர்களுக்கு 'போலீஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வகுப்பில் "பேசாதீங்கலே, பேசாதீங்கலே" என்று கத்துகிற லீடரை நீங்கள் நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

அந்தக் காலத்தில் எல்லாமே ஸ்பிளிட்தான்

ஸ்பிளிட் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நானும் நினைத்திருந்தேன். மாமாவிடம் பேசிய பிறகுதான் கதை நேர்மாறு என்று புரிந்தது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் அதற்குப் பிறகு கொஞ்ச காலமும் டிரான்ஸ்மிட்டர் ஒரு பெட்டி, ரிசீவர் வேறொரு பெட்டி. நம் நாட்டு ஹாம்கள் பலர் போருக்குப் பின் ஏலத்தில் வந்த ராணுவ ரிசீவரை வைத்துக்கொண்டு, டிரான்ஸ்மிட்டரை 807 என்ற வால்வு போட்டுத் தாங்களே செய்துகொண்டார்கள். டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு குவார்ட்ஸ் படிகம். ஒரு படிகம் இருந்தால் ஒரே ஓர் அலைவரிசை, அவ்வளவுதான். வேறு இடம் வேண்டுமென்றால் வேறு படிகம் வாங்க வேண்டும். அப்படியானால் நான் என் படிகத்தின் இடத்தில் கூப்பிடுவேன், உங்களுக்கு அந்த இடத்தில் படிகம் இருக்காது. நீங்கள் உங்கள் படிகத்தின் இடத்திலிருந்து பதில் சொல்வீர்கள். நான் கூப்பிட்டு முடித்ததும் ரிசீவர் டயலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருட்டி, யாராவது என் பெயரைச் சொல்கிறார்களா என்று தேடுவேன். ஸ்பிளிட் என்று தனிப் பெயர்கூடத் தேவைப்படவில்லை, எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள்.

பிறகு திருகி மாற்றக்கூடிய ஆஸிலேட்டர் பரவலானது. அதற்கு வி.எஃப்.ஓ. என்று பெயர். இப்போது இன்னொருவர் இருக்கிற இடத்துக்கே நாமும் போய் நிற்கலாம். ஆனால் ரெண்டு பெட்டியையும் ஒரே அலைவரிசைக்குக் கொண்டுவருவது கைவேலை. ரிசீவரில் எதிராளியின் அலையோடு நம் ஆஸிலேட்டரின் அலையும் சேரும்போது ஒரு விசில் கேட்கும். டயலைத் திருகத் திருக அந்த விசில் கீழே இறங்கி இறங்கி, கடைசியில் மறைந்துபோகும். மறைகிற இடத்தில் ரெண்டும் ஒன்று. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'விம்மல்கள்' என்று படிக்கிறோமே, அதே சங்கதிதான். பரீட்சைக்கு மட்டும்தான் விம்மல்கள் என்று நினைத்தவர்கள் கவனிக்கவும்!

1950-களின் கடைசியில் ரெண்டு பெட்டியும் ஒன்றாகி டிரான்ஸீவர் வந்தது. ஒரே குமிழ், அதைத் திருகினால் பேசுவதும் கேட்பதும் சேர்ந்தே நகரும். பெரிய வசதி. ஆனால் இந்த வசதியால்தான் ஸ்பிளிட் கஷ்டமானது! ஒரே ஆஸிலேட்டர் ரெண்டு வேலையும் பார்க்கும்போது ரெண்டையும் எப்படிப் பிரிப்பது? கேட்பதை மட்டும் சில கிலோஹெர்ட்ஸ் நகர்த்த ஒரு சின்னக் குமிழ் வைத்தார்கள். அது போதாது என்றால் இன்னொரு வி.எஃப்.ஓ. பெட்டியைத் தனியாக வாங்கிப் பக்கத்தில் வைத்து வயரால் இணைக்க வேண்டும். ஜப்பானின் யேசு கம்பெனி செய்த எஃப்.டி.101 என்ற செட்டு 1970-களில் உலகம் முழுக்கப் பிரபலம். அதற்கென்றே எஃப்.வி.101 என்று தனி வி.எஃப்.ஓ. பெட்டி விற்றார்கள். பிரித்து வைத்திருந்ததைச் சேர்த்துவிட்டு, மறுபடி பிரிக்கத் தனியாகக் காசு!

கூட்டத்துக்காக மட்டும் ஸ்பிளிட் போடவில்லை, சட்டத்துக்காகவும் போட்டார்கள். 40 மீட்டர் அலைவரிசையில் இந்தியாவுக்கு 7.000 முதல் 7.100 வரைதான் இருந்தது. அமெரிக்கர்கள் குரலில் பேச 7.150-க்கு மேலே. அதாவது நம் ஆளும் அமெரிக்கரும் சட்டப்படி ஒரே இடத்தில் நின்று பேசவே முடியாது. நம்மவர் 7.0-ல் பேசுவார், 7.1-க்கு மேலே கேட்பார். அந்த மேல் பகுதியிலோ சிற்றலை வானொலி நிலையங்கள் பாட்டும் செய்தியுமாகப் பெரிய சக்தியில் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே ஓர் அமெரிக்கக் குரலைப் பொறுக்கி எடுப்பது குப்பையில் குண்டுமணி தேடுகிற மாதிரி. 2003-ல் ஜெனிவாவில் நடந்த உலக மாநாட்டில், வானொலி நிலையங்கள் 7.100 முதல் 7.200 வரை உள்ள இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவானது. 2009 மார்ச் 29-ல் அது நடைமுறைக்கு வந்தது. காலி செய்யாமல் அடம்பிடித்த நிலையங்களும் உண்டு. இருந்தாலும் இந்த வகை ஸ்பிளிட்டின் தேவை பெரிய அளவில் குறைந்துவிட்டது.

இப்போது

1980-களிலிருந்து செட்டுக்குள்ளேயே ஏ, பி என்று ரெண்டு வி.எஃப்.ஓ. வரத் தொடங்கின. ஏ-யில் தீவுக்காரரைப் பிடி, பி-யை அதே இடத்துக்குக் கொண்டுவா, பி-யை மட்டும் ஐந்து கிலோஹெர்ட்ஸ் மேலே நகர்த்து, ஸ்பிளிட் பொத்தானை அழுத்து. முடிந்தது! விலை உயர்ந்த செட்டுகளில் ரெண்டு ரிசீவர் உண்டு. இடது காதில் தீவுக்காரர், வலது காதில் கூட்டம். இப்போது வரும் செட்டுகளில் ஒரு திரையும் இருக்கிறது. அலைவரிசை முழுவதும் படமாக அருவி மாதிரி விழும், யார் எங்கே பேசுகிறார்கள் என்று கண்ணாலேயே பார்க்கலாம். மாமா கால் மணி நேரம் காதால் செய்த வேலையை இது ஒரு நிமிஷத்தில் காட்டிவிடும்.

பணக்காரர்களுக்கு மட்டும்தானா என்று கேட்காதீர்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் என்ற ஹாம், சாதாரணக் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே செய்யக்கூடிய பிட்எக்ஸ் என்ற டிரான்ஸீவரை வடிவமைத்து, அதன் சர்க்யூட்டை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2017-ல் வந்த அதன் அடுத்த வடிவமான மைக்ரோ பிட்எக்ஸில் ஒரு சின்ன ஆர்டுயினோ பலகைதான் அலைவரிசையைக் கட்டுப்படுத்துகிறது. ரெண்டு வி.எஃப்.ஓ.வும் ஸ்பிளிட்டும் அதன் மென்பொருளிலேயே இருக்கின்றன. ஒரு காலத்தில் தனிப் பெட்டியாக விற்றது இன்று சில வரி நிரலாகிவிட்டது. 1993-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஒரு ஹாம்தான். அவரும் நண்பர்களும் எழுதிய எஃப்.டி.8 மென்பொருளில் 'நரி–வேட்டைநாய்' என்று ஒரு முறை 2018-ல் வந்தது. தீவுக்காரர்தான் நரி, கூப்பிடுகிறவர்கள் வேட்டைநாய்கள். யார் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரே பிரித்து வைக்கும். எனக்கு என்னவோ இதில் சுவாரசியம் கம்மி.

எனக்குப் பிடித்த ஸ்பிளிட் வானத்தில் இருப்பது. 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட்டில் ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை இஸ்ரோ அனுப்பியது. எடை 42.5 கிலோதான். ஹாம்கள் 435 மெகாஹெர்ட்ஸில் மேலே பேசினால், அது 145 மெகாஹெர்ட்ஸில் கீழே திருப்பி அனுப்பும். கேட்டுக்கொண்டே பேசலாம். நம் குரலே விண்வெளிக்குப் போய்விட்டு நம் காதுக்கு வரும்! அந்தக் கோள் 2014 வரை வேலை செய்தது. இப்போது கத்தார் நாட்டின் எஸ்ஹைல்-2 என்ற புவிநிலைக் கோளில் ஹாம்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் ஏவியது. மேலே 2400 மெகாஹெர்ட்ஸ், கீழே 10,489 மெகாஹெர்ட்ஸ். நம்ம சாத்தான்குளத்திலிருந்து பார்த்தால் மேற்கு வானத்தில் ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் எப்போதும் நிற்கும்.

ஸ்பிளிட்டால் வரும் ஆபத்து

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நம் கையில் இருக்கும் செல்போனும் ஸ்பிளிட்தான். பழைய ஜி.எஸ்.எம். 900 முறையில் போன் 890 முதல் 915 வரை பேசும், 935 முதல் 960 வரை கேட்கும். டவர் இதற்கு நேர்மாறு. நல்லா யோசியுங்கள். என் போன் பேசுகிற இடத்தை உங்கள் போன் கேட்பதே இல்லை. நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் நடுவில் டவர் இருந்தால்தான் பேச்சு. டவர் விழுந்தால் ரெண்டு போனும் நல்லா இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று செவிடு. மலை உச்சியில் ஹாம்கள் வைக்கும் ரிப்பீட்டரும் இப்படியே. 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் திருப்பிச் சொல்லும். அது நின்றுபோனால் அதை நம்பி இருந்த எல்லாரும் ஊமை. ஸ்பிளிட்டை எடுத்துவிட்டு சிம்ப்ளெக்ஸுக்கு வரத் தெரிந்தவர்கள் மட்டும், எட்டுகிற தூரத்துக்குள் தொடர்ந்து பேசலாம்.

2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிலம் நடுங்கியது. போர்ட் பிளேரில் தொலைபேசிகள் செத்துப்போயின. அதுவரை கூட்டத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த பாரதி பிரசாத்தின் குழு அவசரத் தகவல் நிலையமாக மாறியது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அங்கிருந்து இந்தியாவின் மற்ற பகுதிகளுக்குப் போனது. குழுவில் சிலர் செட்டோடு கார் நிக்கோபாருக்குப் போனார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் ஹாம்கள் கூட்டத்துக்கான ஸ்பிளிட்டை விட்டுவிட்டு ஒரே அலைவரிசைக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் சொல்வது எல்லாருக்கும் கேட்க வேண்டும், ஒருவருக்குக் கேட்காவிட்டால் இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இடம் விட வேண்டும்.

பெரியதாழை, மணப்பாட்டிலிருந்து வருகிற நண்பர்கள் இந்தப் பகுதியை வீட்டில் அப்பாவிடமும் சொல்லுங்கள். படகில் வைக்கிற கடல் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டில் ரெண்டு வகைச் சேனல் இருக்கிறது. சேனல் 16 என்பது 156.800 மெகாஹெர்ட்ஸ், ஒரே அலைவரிசை. பேசுவதும் கேட்பதும் அதில்தான். உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கு இதுதான். 6, 8, 72, 77 ஆகியவையும் ஒரே அலைவரிசைதான், படகும் படகும் பேசிக்கொள்ள. ஆனால் 24, 25, 26 போன்றவை ஸ்பிளிட் சேனல்கள். உதாரணமாக 26-ல் படகு 157.300-ல் பேசும், 161.900-ல் கேட்கும். நடுவில் கரை நிலையம் இருந்தால்தான் பிரயோஜனம். ரெண்டு படகும் 26-ல் வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்று கத்தினாலும் ஒருவருக்கு ஒருவர் கேட்காது. செட்டு ரிப்பேர் என்று நினைத்து அணைத்துவிடவும் வாய்ப்பு இருக்கிறது! 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கரையிலிருந்து சொன்ன எச்சரிக்கை ஆழ்கடலுக்கு ஏற்கெனவே போய்விட்ட படகுகள் பலவற்றுக்குப் போய்ச் சேரவில்லை. கரை நிலையம் வி.எச்.எஃப். செட்டுக்கு எட்டாத தூரம் அது. அவ்வளவு தூரத்தில் ஒரு படகுக்குத் துணை பக்கத்துப் படகுதான். அந்தப் பக்கத்துப் படகோடு பேச ஒரே அலைவரிசைச் சேனல் வேண்டும்.

எந்தச் சேனல் எந்த வகை என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் செட்டு வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணையும், சேனல் அட்டை இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். சரிபார்த்து அடுத்த இதழில் ஒட்டுகிறேன்.

— 11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு